ஐந்தாவது வரி

கண் ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்கான பெஞ்சை எங்கே போடுவது என்று யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள். இடம் இருந்த இடத்தில் போட்டிருப்பார்கள். இடம் இருந்ததோ பார்வை சோதிக்கும் அறைக்குள். ஆகவே ஒருவர் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரில் ஒளிரும் பலகையை எழுத்தெழுத்தாகப் படிக்க, அடுத்துப் படிக்கப் போகிற ஏழெட்டுப் பேர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பரீட்சை எழுதுகிறவன் பக்கத்தில் அடுத்த பரீட்சைக்காரனை உட்கார வைத்து, அதே கேள்வித்தாளை அவனுக்கும் கொடுப்பதுபோல.

மற்றவர்களுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்கள். பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் மறு காது கிடையாது. அவர் ஒரு நாடகக் குழுவில் வசனம் எடுத்துக் கொடுப்பவர். மேடையின் பக்கவாட்டில், படுதா மறைவில், சின்ன விளக்கின் கீழே பிரதியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேடையில் நிற்கும் மன்னனுக்கோ மாமனாருக்கோ வாய் அடைத்துப்போகிற நொடியில், அடுத்த சொல்லை மூச்சுக்காற்றோடு ஊதி அனுப்புவார். குழுவில் அவருக்கு 'முணுமுணுப்பார்' என்று பெயர். அது மரியாதையா நக்கலா என்று அவர் விசாரித்ததில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும்.

அன்று அவருக்கு முன்னால் மூன்று பேர் படித்தார்கள். மூன்றாவது ஆள் ஐந்தாவது வரியில் "ம, ட, ய..." என்று போய் நின்றுவிட்டார். அறையில் ஓர் அமைதி விழுந்தது. முணுமுணுப்பார் தன்னை அறியாமல் "ப" என்று ஊதினார். "ப," என்றார் அந்த ஆள். சோதிக்கிற பெண் "நல்லாப் படிக்கிறீங்களே," என்று பாராட்டிவிட்டுக் குறித்துக்கொண்டாள். முணுமுணுப்பாருக்கு ஒரு தொழில் திருப்தி. அது நல்ல சகுனமில்லை என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்தது அவர் முறை. இடது கண். அறுவை முடிந்து வாரங்கள் ஆகிவிட்ட கண்.

அந்தக் கண்ணின் கதையைச் சொல்லிவிட வேண்டும். சில மாதங்களுக்கு முன்பு, ஒத்திகையில் பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எழுத்துகளின் நடுவே ஒன்றிரண்டைக் காணவில்லை. அச்சுப் பிழை என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினார். பிழையும் கூடவே திரும்பியது. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் விழித்திரை, பக்கவாட்டில் வெட்டிய கேக் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. நடுவில் யாரோ விரலால் நோண்டித் தின்றதுபோல் ஒரு குழி. விழித்திரையின் மையத்தில் ஓட்டை, அடைக்க வேண்டும் என்றார்கள்.

அடைக்கிறவர் 'பெரிய டாக்டர்'. சின்ன டாக்டர்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் அவர் இருக்கும் அறையில் எல்லோருமே சின்னவர்களாகிவிடுவார்கள். அவரிடம் ஒரு கணினிப் புரோகிராம் இருந்தது. ஓட்டையின் படத்தைக் கொடுத்தால், அறுவைக்குப் பிறகு பார்வை எவ்வளவு திரும்பும் என்று அது சொல்லும். பெரிய டாக்டர் அதை 'நம்ம ஆள்' என்றுதான் குறிப்பிடுவார். "நாங்க இப்பல்லாம் நம்பிக்கை குடுக்கறதில்ல. கணிப்புதான் குடுக்கறோம்," என்று முதல் நாளே சொன்னார். கைரேகை பார்க்கிறவனும் அதைத்தான் கொடுக்கிறான். என்ன, அவன் ரேகையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவதில்லை.

நம்ம ஆள் கணித்தது, ஐந்தாவது வரி. அதாவது, பலகையில் தலையெழுத்தைப் போல மேலே தனியாக நிற்கும் பெரிய எழுத்து முதல் வரி. அங்கிருந்து சிறுத்துக்கொண்டே போகும். ஐந்தாவது வரியைப் படித்துவிட்டால், பிரதியையும் ஓரளவு படித்துவிடலாம். வீட்டில் அன்று முதல் ஐந்தாவது வரி என்பது ஓர் ஊரின் பெயர்போல ஆகிவிட்டது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். அவர் மனைவி அதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவியின் தம்பியோ, பார்க்கிறவர்களிடமெல்லாம் கணிப்பு வேலை செய்யும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தான். அவன் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்பவன். எதையும் பாதி கேட்டு முழுதாகச் சொல்லக்கூடியவன்.

அறுவையின்போது கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டார்கள். அது மேலே மிதந்து போய், கண்ணின் பின்சுவரில் இருக்கும் ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்காக முணுமுணுப்பார் நாள்கணக்கில் குப்புறக் கிடக்க வேண்டியிருந்தது. சாப்பாடும் குனிந்தபடி, பேச்சும் குனிந்தபடி. நலம் விசாரிக்க வந்தவர்களையெல்லாம் அவர் கால்களாகத்தான் பார்த்தார். நாடகக் குழுவின் கதாநாயகருக்கு, மேடையில் அந்தக் கம்பீர நடை நடப்பவருக்கு, சுண்டுவிரல் நகமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மனிதனைக் கீழிருந்து பார்த்தால் பயமெல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டார். பெரிய டாக்டர் வந்தபோது பளபளக்கும் ஷூ மட்டும் தெரிந்தது. பயம் போகவில்லை.

குமிழி கரைந்தது. ஓரங்களெல்லாம் துலங்கின. நடுப்பகுதி மட்டும், ஈரத் துணியால் துடைத்த பலகை மாதிரி, ஒரு சாம்பல் இழுப்பாகவே நின்றது. நாளாக ஆகச் சரியாகும் என்றார்கள். அவரும் நாளாகட்டும் என்று காத்திருந்தார்.

இந்த நிலையில்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் பலகையைப் பார்த்தார். வெளிச்சமாக ஒரு சதுரம். அதன் நடுவில் ஒரு கலங்கல். "படிங்க," என்றாள் அந்தப் பெண். அவர் பார்த்தார். கலங்கல் அசையவில்லை. அறையில் அமைதி விழுந்தது. பெஞ்சில் மனைவி மூச்சுவிடும் சத்தம்கூட நின்றுபோனது.

காலமெல்லாம் அவர் செய்துவந்தது ஒன்றே ஒன்றுதான்: அமைதி விழுந்தால் அதை நிரப்புவது. கண் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் எடுத்துக் கொடுத்துவிட்டது. முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. நிறுத்திவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் நான்காவது வந்துவிட்டது. "ம, ட, ய, ப, க," என்று ஐந்தாவது வரியை ஏற்ற இறக்கத்தோடு முடித்தபோது, பின்னால் யாரோ கைதட்டினார்கள். பெரிய டாக்டர்.

"நம்ம ஆள் என்ன சொன்னான்? ஐந்தாவது வரி. வந்தது என்ன?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சின்ன டாக்டர்களை அழைத்தார். ஸ்கேன் படம் திரையில் வந்தது. குழி தூர்ந்து, கேக் மறுபடி முழு கேக்காக இருந்தது. அடைபட்ட விதத்தைச் சிலாகித்து அவர் பேசப் பேச, சின்ன டாக்டர்கள் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் வெளியூர் டாக்டர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு இந்தக் கண்ணைக் காட்ட வேண்டும் என்றார். முணுமுணுப்பாரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். பெரிய டாக்டர் அவர் தோளில் கைபோட்டு, போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார். திறந்த வாய் சிரிப்பாகப் பதிவாகிவிட்டது.

அதோடு போயிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். பெரிய டாக்டர் அடுத்த படத்தைப் போட்டார். அது வலது கண். நல்ல கண். பிரதி படிக்கிற கண். அதிலும் மையத்தை ஏதோ நூல் பிடித்து இழுப்பதுபோல ஒரு சின்ன மேடு தெரிந்தது. கண்ணுக்குள் இருக்கும் கூழ், விழித்திரையில் ஒட்டிக்கொண்டு இழுக்கிறதாம். சிலருக்குத் தானாகவே விட்டுவிடும். சிலருக்கு இழுத்து இழுத்து ஓட்டையாகும். இதுவரைக்கும் இந்த மாதிரி கண்ணைத் தொடாமல் காத்திருந்து பார்ப்பதுதான் வழக்கம் என்றும், நம்ம ஆள் இந்தப் படத்துக்கு உடனே அறுவை செய்யச் சொல்கிறான் என்றும் விளக்கினார். அவன் பேச்சை இத்தனை நாள் முழுசாக நம்பாமல் இருந்தாராம். இனி அந்தத் தயக்கம் இல்லையாம்.

"இடது கண்ல சொன்னது பலிச்சுது. வலது கண்லயும் பலிக்கும். அடுத்த வாரமே செஞ்சிடுவோம்," என்றார். வெளியூர் டாக்டர்கள் பார்த்த மாதிரியும் இருக்கும்.

முணுமுணுப்பாருக்கு அப்போதுதான் உறைத்தது. இடது கண் போனது போனதுதான், அதற்குக் காரணம் யாருமில்லை. இப்போது வலது கண்ணைக் கத்திக்குக் கீழே கொண்டுபோய் வைக்கப்போவது அவருடைய வாய்.

வீட்டில் அவரைக் கொண்டாடினார்கள். மைத்துனன் தெருவிலிருந்த இரண்டு வீடுகளில் போய், மாமாவின் கண் எப்படி அடைபட்டது என்று கையைக் குவித்தும் விரித்தும் காட்டிவிட்டு வந்தான். மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். அவருடைய வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"என் மூஞ்சி எப்படித் தெரியுது?"

அவர் பார்த்தார். ஒரு பக்கம் காது, ஒரு பக்கம் காது, மேலே கொஞ்சம் நரைமுடி, கீழே தாடை. நடுவில் மூக்கு, கண், வாய் எதுவுமில்லை. யாரோ அழித்துவிட்ட மாதிரி இருந்தது.

"அப்படியேதான் இருக்கே," என்றார்.

அவள் சிரித்திருக்க வேண்டும். தாடை அசைந்தது.

அன்று மத்தியானம் அவளிடம் சொல்லிவிடுவது என்று எழுந்து போனார். அவள் சுவரில் சாய்ந்து, வெட்டிய காய் பாதியும் வெட்டாத காய் பாதியுமாக மடியில் தட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அறுவைக்குப் பிறகு அவள் அப்படித் தூங்கி அவர் பார்த்ததில்லை. தட்டை மட்டும் மெல்ல எடுத்துவைத்துவிட்டுத் திரும்பி வந்தார். மறுநாள் சொல்லலாம் என்றால், மறுநாள் அவள் பாடிக்கொண்டே துணி துவைத்தாள். பாடுகிறவளிடம் போய் எதைச் சொல்வது? இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வந்து, அடுத்த வாரம் இந்த வாரமாகிவிட்டது. நிமிடத்துக்கொரு தரம் இடது கண்ணைப் பொத்தி வலது கண்ணாலும், வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வலது கண்ணுக்கு மணி தெரிந்தது. இடது கண்ணுக்குக் கடிகாரத்தின் விளிம்பு தெரிந்தது.

கடைசியில், மனைவியிடம் சொல்வதைவிட டாக்டரிடம் சொல்வது எளிது என்று முடிவு செய்தார். மைத்துனன்தான் துணைக்கு வந்தான். பெரிய டாக்டர் மறுநாள் வரப்போகிறவர்களுக்கான ஏற்பாட்டில் இருந்தார். நின்றபடியே கேட்டார்.

"டாக்டர், இடது கண்ல தெரியலை."

பெரிய டாக்டர் பதறவில்லை. திரையைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். "ஓட்டை எங்க இருக்கு, நீங்களே காட்டுங்க பாப்போம்."

"ஓட்டை இல்ல டாக்டர். பார்வையும் இல்ல."

"ஓட்டை அடைஞ்சா பார்வை வரும். நீங்க அஞ்சு வரி படிச்சிருக்கீங்க. படம் பொய் சொல்லாதுங்க."

"படம் சொல்லலை டாக்டர். நான்தான் சொன்னேன்."

பெரிய டாக்டர் மைத்துனனைப் பார்த்துப் புன்னகை செய்தார். மைத்துனனும் பதிலுக்குப் புன்னகை செய்தான். இரண்டு விற்பனைக்காரர்கள் சந்தித்துக்கொண்டதுபோல இருந்தது. அறுவைக்கு முந்தின நாள் இப்படிச் சொல்லாத நோயாளியே கிடையாது என்றும், பயம் கண்ணை மறைக்கும் என்றும் சொல்லி, இரவு போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டே மனப்பாடமானது என்று முணுமுணுப்பார் சொல்ல ஆரம்பித்தபோது, பெரிய டாக்டர் அறையில் இல்லை.

வெளியே வந்ததும் மைத்துனன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கிற ஆளு நீங்க. உங்களுக்கே மேடை பயமா? இதை அக்காகிட்ட சொல்லி அது வயித்துல புளியைக் கரைச்சிடாதீங்க."

"தெரியலைன்னா தெரியலைதான்டா மாப்ளே."

"தெரியும் மாமா. படத்துல இருக்கே."

கண் முணுமுணுப்பாருடையது, பார்ப்பது அவர், ஆனால் தெரிகிறதா இல்லையா என்று சொல்லும் உரிமை மட்டும் ஒரு திரைக்குப் போய்விட்டது. வாதாடி ஆகப்போவதில்லை. தெரியவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அது பயம். தெரிகிறது என்று ஒரே முறை சொன்னது மட்டும் விஞ்ஞானம்.

அறுவை நாள் காலையில் அவருக்குப் பச்சை அங்கியை மாட்டினார்கள். அதன் பின்புறம் எந்த மனிதனுடைய கௌரவத்தையும் மனதில் வைத்துத் தைக்கப்பட்டதல்ல. வலது புருவத்துக்கு மேலே பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டார்கள், கண் மாறிவிடக் கூடாதாம். வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் மங்கத் தொடங்கியது. சொட்டுதான், தற்காலிகம்தான் என்று தெரிந்திருந்தும் அவர் கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டார். இரண்டு கண்ணும் மங்கலாக இருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒத்திகை பார்த்ததுபோல ஆயிற்று.

அப்போது அவரைச் சோதனை அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. வெளியூர் டாக்டர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வயதான அம்மையார், கையில் பை வைத்துக்கொண்டு, யாரும் உட்காரச் சொல்லாததால் தானே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் முணுமுணுப்பாரின் மனைவி. பெரிய டாக்டர் இடது கண்ணின் சரித்திரத்தை, குழி இருந்த படத்திலிருந்து தூர்ந்த படம் வரை, உணர்ச்சியோடு சொல்லி முடித்தார். "இப்ப அவரே படிச்சுக் காட்டுவார்," என்று நாற்காலியைக் காட்டினார்.

முணுமுணுப்பார் உட்கார்ந்தார். சுழலும் நாற்காலி அது. காலை ஊன்றி, பலகைக்கு முதுகு காட்டித் திரும்பினார். இப்போது எதிரே பெஞ்சும் மனைவியும். மனைவியைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது என்று தோன்றியது. இரண்டு கண்களையும் இரண்டு உள்ளங்கைகளால் இறுகப் பொத்திக்கொண்டார்.

"இந்தப் பக்கம் திரும்பணும்," என்றார் பெரிய டாக்டர்.

அவர் திரும்பவில்லை. முதல் வரியைச் சொன்னார். இரண்டாவதைச் சொன்னார். வாழ்நாளில் முதல் தடவையாக ஊதாமல், முழுக் குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார். ஐந்தாவது வரியைத் தாண்டினார். ஆறாவது, ஏழாவது. கண்ணில் தூசு விழுந்து வந்த ஓர் இளைஞன் ஒருமுறை படித்துக் கேட்ட, கீழே எறும்பு ஊர்வதுபோல இருக்கும் வரி வரைக்கும் போனார். அங்கிருந்து தலைகீழாகத் திரும்பி, கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, முதல் வரியின் ஒற்றை எழுத்தில் நிறுத்தினார்.

அங்கி பின்னால் திறந்திருப்பது நினைவுக்கு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த வயதான அம்மையார், "வேற பலகை வெச்சிருக்கீங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

வேறு பலகை இருந்தது. அலமாரிக்குப் பின்னால், பிரிக்காத உறையோடு இருந்தது. அளவுகோலை மாற்றினால் அளவு மாறிவிடும் என்று பெரிய டாக்டர்தான் அதை மாட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். சோதிக்கிற பெண் அதை மாட்டினாள். முணுமுணுப்பார் திரும்பி, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். அமைதி விழுந்தது. அவர் அதை விழவிட்டார்.

"மேல ஏதோ கறுப்பா இருக்கு," என்றார் கடைசியில். "என்ன எழுத்துன்னு தெரியலை."

பெஞ்சில் மனைவி அழவில்லை. கைப்பையைத் திறந்து, எதையோ தேடி, எதையும் எடுக்காமல் மூடினாள்.

பெரிய டாக்டர் பலகையையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பெஞ்சில் இதுவரை உட்கார்ந்து எழுந்து போனவர்கள் அத்தனை பேரும் அவர் மனக்கண்ணில் வரிசையாக வந்திருக்க வேண்டும். நம்ம ஆளின் கணிப்புகள் பலித்த கதைகளும் கூடவே வந்திருக்கும். முகத்தில் நிறம் மாறியது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பெஞ்சை வெளியே கொண்டுபோய்ப் போடச் சொன்னார். வயதான அம்மையார் அதில் உட்கார்ந்திருந்ததால் அது உடனே நடக்கவில்லை.

அறுவை நிறுத்தப்பட்டது. அறையில் கூட்டம் கலைந்தபின் முணுமுணுப்பார் கேட்க வேண்டியதைக் கேட்டார். வலது கண் என்ன ஆகும்?

பெரிய டாக்டர் வலது கண்ணின் படத்தைத் திரையில் வரவழைத்தார். நம்ம ஆள் சொன்னது அதன் கீழேயே இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. அந்தச் சின்ன மேட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, முணுமுணுப்பாருக்கு எதிரே முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலைங்க. தானா விட்டாலும் விடும். விடாமலும் போகலாம். தினமும் காலையில இடது கண்ணை மூடிக்கிட்டு நேரா இருக்கிற எதையாவது பாருங்க. கோடு வளைஞ்சு தெரிஞ்சா ஒரு நிமிஷம் தாமதிக்காம ஓடி வாங்க."

பெரிய டாக்டர் இதுவரை சொன்னதில் முணுமுணுப்பார் முழுசாக நம்பியது அதை மட்டும்தான். நம்பியதால் பயம் இரட்டிப்பானது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், வெளியே காத்திருந்த மைத்துனன் மட்டும் பேசினான். கணிப்பு என்றாலே நூற்றுக்குச் சில தவறும் என்று தான் முதலிலேயே சந்தேகப்பட்டதாகச் சொன்னான். இருவரும் பதில் சொல்லாததால், வழியிலேயே தனக்கு ஒரு வேலை இருப்பது அவனுக்கு நினைவு வந்தது.

கதவைத் திறக்கும்போது அவள் கேட்டாள். "அன்னிக்கு என் மூஞ்சி எப்படித் தெரிஞ்சுது?"

"காது ரெண்டும் தெரிஞ்சுது."

அவள் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப காதையாவது சொல்லியிருக்கலாமேங்க," என்றாள்.

மறுநாள் காலை அவர் ஜன்னல் கம்பியைப் பார்த்து, நேராக இருக்கிறது என்று அறிவித்தார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் கம்பி நேராக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும், தெரிந்ததைத்தான் சொல்வார், அவர் வாய்க்குக் கண் தேவையில்லை என்று ஊருக்கே காட்டியாகிவிட்டது என்றாள். அவளே ஒரு பரீட்சை வைத்தாள். எதிர்வீட்டு மொட்டை மாடியில் அவர்கள் துணி காயப்போடுவார்கள். இன்று என்ன காய்கிறது என்று அவர் சொல்ல வேண்டும். தினம் வேறு துணி, மனப்பாடம் செய்ய வழியில்லை. அதோடு அந்தக் கொடிக்கயிறு கட்டிய இரும்புக் கம்பம் எப்படித் தெரிகிறது என்றும் சொல்ல வேண்டும். அவள் பக்கத்தில் நின்று சரிபார்ப்பாள்.

பல காலைகள் இப்படிப் போயின. ஒரு நீலச் சட்டை, இரண்டு போர்வை, குழந்தைத் துணி வரிசையாக. கம்பம் நேர். அவள் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போவாள். அந்த ஒரு தலையாட்டலுக்காக அவர் விடிந்ததிலிருந்து ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பார். மாலையில் நாடகத்துக்குப் போய், ஒற்றைக் கண்ணோடு விளக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். எழுத்து ஒன்று லேசாக நெளிந்தாலும் கையில் பிரதி நடுங்கும். பார்த்தால் அது காற்றாக இருக்கும்.

ஒருநாள் காலை அவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்மாடியைப் பார்த்தார். ஈரமான கம்பளி ஒன்று, தலையணை உறைகள். பிறகு கம்பம். அவர் பார்வையை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"வளைஞ்சிருக்கு," என்றார்.

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். வந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எனக்கும் வளைஞ்சுதான் தெரியுது," என்றாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோய்த் தன் கண்களை ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்த்துக்கொண்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தெருவைக் கடந்தாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. யாரோ கேள்வி கேட்க, அவள் பதில் சொல்லாமல் உள்ளே போயிருக்க வேண்டும். வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. பிறகு மொட்டை மாடியில் அவள் தலை தெரிந்தது. நேராகக் கம்பத்திடம் போனாள். கன்னத்தை அதில் ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடி, தச்சன் பலகை பார்ப்பதுபோல் மேலே பார்த்தாள். ஈரக் கம்பளியைக் கையால் தூக்கி எடை பார்த்தாள். கம்பத்தைப் பிடித்து ஆட்டினாள். எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து ஏதோ கேட்டாள். கம்பளியைக் கழற்றச் சொல்லிக் கைகாட்டினாள் இவள்.

கம்பளி இறங்கியதும் கம்பம் கொஞ்சம் நிமிர்ந்தது. முழுசாக நிமிரவில்லை.

அவள் இந்தப் பக்கம் திரும்பி, கம்பத்தைக் காட்டி, கையை உயர்த்தி விரல்களை ஒரு பக்கமாக வளைத்துக் காட்டினாள். வளைந்துதான் இருக்கிறது. நிஜமாகவே.

அவர் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தார். நாளைக் காலை மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு மறுநாளும். அவள் அங்கிருந்தே, எதிர்வீட்டுப் பெண் திகைத்துப்போய் நிற்க, மூன்று விரல்களைத் தூக்கிப் பிடித்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லும்வரை இறக்கமாட்டாள் என்று தெரிந்தது.

அவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, ஜன்னல் வழியே கையை நீட்டி, மூன்று விரல்களைக் காட்டினார்.